கேசிஎன்கியூ2 மரபணுவும் பச்சிளம் பிள்ளையின் வலிப்பும்: சுங்கை சிப்புட் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவர் நீங்கள். இப்போது டவுனில் தாமான் வீட்டில் இருக்கிறீர்கள். மாமா மகளையே கட்டியிருக்கிறீர்கள். பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் கை கால் விறைத்து, முகம் நீலம் பாய்ந்து, ஒரே நாளில் பல தடவை வலிப்பு வந்திருக்கிறது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், மருந்தில் அடங்கியது. மரபணுச் சோதனைக்கு ரத்தம் அனுப்பியதில் கேசிஎன்கியூ2 என்ற பொட்டாசியம் கால்வாய் மரபணுவில் மாற்றம் இருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. இணையத்தில் தேடினால் மூளை வளர்ச்சி பாதிக்கும் என்று ஒரு பக்கம், தானாகவே போய்விடும் என்று இன்னொரு பக்கம். சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான் என்று உறவுக்காரர்கள் வாய்கூசாமல் பேசுகிறார்கள். உங்களுக்கும் கைக்குழந்தையாக இருந்தபோது இழுப்பு வந்து, பிறகு நின்றுபோனதாக உங்கள் அம்மா சொல்கிறார். பிள்ளை நடக்குமா, பேசுமா, அடுத்த பிள்ளைக்கும் வருமா என்று கேட்கிறீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. குழந்தைகள் பிரிவில் பல வருடம் மருந்தாளுநராக இருந்தவன். வலிப்பு மருந்துகளோடும், அந்த மருந்து வாங்க வருகிற அம்மா அப்பாக்களோடும்தான் என் வேலை. அதனால் உங்கள் பிள்ளைக்கு இதுதான் என்று நான் முடிவு சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனால் அந்த அறிக்கையை எப்படிப் படிப்பது, டாக்டரிடம் என்ன கேட்பது என்பதைச் சொல்ல முடியும். முதலில் ஒன்றை மனதில் வையுங்கள்: கேசிஎன்கியூ2 என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது. அந்த மரபணுவில் எந்த இடத்தில் என்ன மாற்றம், அது யாரிடமிருந்து வந்தது, வலிப்பு இல்லாத நேரத்தில் பிள்ளை எப்படி இருக்கிறது, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும். இணையத்தில் நீங்கள் பார்த்த இரண்டு பக்கமும் உண்மைதான். அவை இரண்டு வெவ்வேறு நிலைகளைப் பற்றி எழுதப்பட்டவை.

சரி, இந்த மரபணு என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். மூளையின் நரம்பணு (நரம்புச் செல்) சும்மா இருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். சோடியம் உள்ளே பாய்ந்தால் மின்துடிப்பு எழும். பொட்டாசியம் வெளியே போனால் அடங்கும். இப்படிப் போய்வர அணுவின் சவ்வில் புரதத்தால் ஆன நுண்ணிய துளைகள் இருக்கின்றன. அவற்றைத்தான் கால்வாய் என்கிறோம். மனித உடலில் பொட்டாசியம் கால்வாய்களுக்கு மட்டுமே எழுபதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் உண்டு. அதில் 20ஆம் குரோமோசோமின் நீண்ட கையின் நுனிப் பக்கத்தில் இருப்பது கேசிஎன்கியூ2. 8ஆம் குரோமோசோமில் இருக்கிற கேசிஎன்கியூ3 அதன் கூட்டாளி. ஒரு கால்வாய் உருவாக நான்கு புரதத் துண்டுகள் வட்டமாகச் சேர வேண்டும். மூளையில் பெரும்பாலும் கேசிஎன்கியூ2 தருகிற துண்டும் கேசிஎன்கியூ3 தருகிற துண்டும் கலந்துதான் சேர்கின்றன.

இந்தக் கால்வாயின் குணம் கொஞ்சம் தனி. மற்ற பல பொட்டாசியம் கால்வாய்கள் துடிப்பு எழுந்த பிறகுதான் திறக்கும். இதுவோ துடிப்பு எழுவதற்கு முன்பே, சுமார் மைனஸ் 60 மில்லிவோல்ட்டிலேயே மெதுவாகத் திறக்கத் தொடங்கும். திறந்தது தானாக மூடிக்கொள்ளாது, மின்னழுத்தம் இறங்கும்வரை திறந்தே இருக்கும். செம்பனைக் குலை ஏற்றிய லாரி மேட்டிலிருந்து இறங்கும்போது, ஓட்டுநர் பிரேக்கில் லேசாகக் காலை வைத்துக்கொண்டே வருவார் இல்லையா, அதே வேலைதான். ஒரு துடிப்பை இது தடுக்காது. ஒன்றன்பின் ஒன்றாகத் துடிப்புகள் பொரிந்து தள்ளுவதைத்தான் தடுக்கும். வலிப்பு என்பது பெருந்திரளான நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் அப்படிப் பொரிந்து தள்ளுவதுதான்.

இந்த மின்னோட்டத்தை 1980இல் டேவிட் பிரௌனும் பால் ஆடம்ஸும் தவளையின் நரம்பணுவில் கண்டுபிடித்து எம்-மின்னோட்டம் என்று பெயர் வைத்தார்கள். அப்போது வலிப்போடு அதற்குத் தொடர்பு உண்டு என்று யாருக்கும் தெரியாது. இன்னொரு பக்கம், 1964இலேயே வியன்னாவில் ஆந்திரேயாஸ் ரெட்டும் டாய்பெலும் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள். அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குப் பிறந்த சில நாளில் வலிப்பு வந்து, பிறகு நின்றுவிடும். 1989இல் அமெரிக்காவின் யூட்டா ஆய்வாளர்கள் இதே மாதிரி ஒரு குடும்பத்தை ஆராய்ந்து, காரணம் 20ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று இடத்தைக் குறித்தார்கள். 1998இல் மரபணுவே கையில் கிடைத்தது. கேசிஎன்கியூ2, கேசிஎன்கியூ3 இரண்டும் அதே வருடம். அவை சேர்ந்து உண்டாக்குவது எம்-மின்னோட்டத்தைத்தான் என்பதும் அதே வருடம் தெளிவானது. தவளையில் தொடங்கிய ஆராய்ச்சியும் வியன்னாவில் தொடங்கிய குடும்பக் கதையும் ஒரே மரபணுவில் வந்து சேர்ந்தன. எனக்கு மிகவும் பிடித்த அறிவியல் கதைகளில் இது ஒன்று.

அந்த வருடமே இன்னொன்றும் தெரியவந்தது. தவளை முட்டையணுவில் இந்தக் கால்வாய்களை வைத்துச் சோதித்தவர்கள், எம்-மின்னோட்டம் நாலில் ஒரு பங்கு குறைந்தாலே பச்சிளம் பிள்ளைக்கு வலிப்பு வரப் போதும் என்று கணக்கிட்டார்கள். மீதி முக்கால் பங்கு ஒழுங்காக வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. பிள்ளை மூளையில் ஏதோ அழிந்துபோய்விட்டது என்று உங்கள் மனைவி பயப்படுகிறார் என்றால், இதை அவரிடம் சொல்லுங்கள்.

இப்போது அந்த இரண்டு நிலைகளுக்கு வருகிறேன். இதில்தான் கொஞ்சம் நின்று நிதானமாகப் பேச வேண்டும்.

முதலாவது, தானாக அடங்கும் பச்சிளம்பருவக் குடும்ப வலிப்பு. வியன்னாக் குடும்பத்துக்கு இருந்தது இதுதான். பிறந்து இரண்டாம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள் பெரும்பாலும் தொடங்கும். பிள்ளை நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருக்கும். திடீரென்று தலை ஒரு பக்கம் திரும்பும், ஒரு கை மட்டும் விறைத்து மேலே நிற்கும், சில நொடி மூச்சு நின்று உதடு நீலமாகும், அப்புறம் கை கால் வெட்டி வெட்டி இழுக்கும். ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் கண் விழித்து மறுபடி பாலுக்கு வாயைத் திறக்கும். இடையில் பார்த்தால் இதற்கா வலிப்பு வந்தது என்று தோன்றும். மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜி சோதனையும் வலிப்பு இல்லாத நேரத்தில் சாதாரணமாகவோ, கிட்டத்தட்ட சாதாரணமாகவோ இருக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு 6 மாதத்துக்குள், சிலருக்கு ஒரு வயதுக்குள், வலிப்பு நின்றுவிடும். வளர்ச்சி மற்ற பிள்ளைகளைப் போலத்தான் இருக்கும். நூற்றில் 10 முதல் 15 பேருக்குப் பிற்காலத்தில் மறுபடி வலிப்பு வரலாம். காய்ச்சலில் வருவதும் உண்டு.

பிறகு ஏன் தானாக நிற்கிறது? பச்சிளம் பிள்ளையின் மூளையில் காபா என்ற வேதிப்பொருள், பெரியவர்களிடம் செய்வது போல நரம்பணுவை முழுமையாக அடக்குவதில்லை. சில அணுக்களைக் கிளப்பியும் விடும். அதனால் அந்த வாரங்களில் அடக்கி வைக்கிற சுமை பெருமளவு எம்-மின்னோட்டத்தின் தலையில்தான். மாதங்கள் போகப் போக காபா தன் உண்மையான வேலைக்கு வந்துவிடும், கால்வாய்களின் எண்ணிக்கையும் கூடும். குறை மரபணுவில் இருந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் மூளை அதைத் தாங்கிக்கொள்ளும். பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிற விளக்கம் இது.

இரண்டாவது நிலை கடினமானது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். 2012இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த சாரா வெக்ஹெய்சன் குழுவினர், பிறந்த சில நாட்களில் காரணம் தெரியாத கடும் வலிப்பும் வளர்ச்சித் தாமதமும் இருந்த 80 பிள்ளைகளைச் சோதித்தார்கள். 8 பேருக்கு கேசிஎன்கியூ2இல் மாற்றம் இருந்தது. அதுவரை நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியிருந்த மரபணுவுக்கு இப்படி இன்னொரு முகம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. இதில் பிள்ளை பிறந்த முதல் வாரத்திலேயே, சில சமயம் முதல் நாளிலேயே, தொடர்ந்து வலிப்பு வரும். வலிப்பு இல்லாத நேரத்திலும் உடம்பு துவண்டிருக்கும், முகத்தைப் பார்க்காது, பால் குடிக்கத் திணறும். இஇஜி பதிவில் அலைகள் வெடித்து எழுவதும் அடியோடு அடங்குவதுமாக மாறி மாறி வரும். இவர்களிலும் பலருக்கு 9 மாதம் முதல் 4 வயதுக்குள் வலிப்பு நின்றுவிடுகிறது. ஆனால் வளர்ச்சித் தாமதம் நிற்கும். அது லேசாகவும் இருக்கலாம், கடுமையாகவும் இருக்கலாம்.

ஒரே மரபணு ஏன் இப்படி இரண்டு விதமாக நடக்கிறது? நம் எல்லாருக்கும் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி உண்டு, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. முதல் நிலையில் பெரும்பாலும் ஒரு பிரதி வேலை செய்வதே இல்லை. புரதம் பாதியில் நின்றுவிடும், அல்லது உருவாகவே உருவாகாது. மற்றப் பிரதி தன்னுடைய பங்கை ஒழுங்காகக் கொடுக்கும். இரண்டாவது நிலையில் புரதம் உருவாகிறது, ஆனால் அதன் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்களில் ஒன்று மாறிய கெட்ட துண்டாக உருவாகிறது. அந்தத் துண்டு நல்ல துண்டுகளோடு போய்ச் சேர்ந்து நான்கு பேர் கொண்ட கால்வாயையே கெடுத்துவிடும். கால்வாயின் நடுத்துளைப் பகுதியிலோ, மின்னழுத்தத்தை உணரும் பகுதியிலோ மாற்றம் இருந்தால் இந்த ஆபத்து கூடுதல். மிக அரிதாகச் சில மாற்றங்கள் கால்வாயை அளவுக்கு மீறித் திறந்தே வைத்துவிடுவதும் உண்டு. அப்போது சிகிச்சைக் கணக்கே வேறு.

அதனால்தான் உங்கள் அம்மா சொன்ன செய்தி அவ்வளவு முக்கியம். முதல் நிலை பெரும்பாலும் குடும்பத்தில் இறங்கி வருவது. இரண்டாவது நிலை பெரும்பாலும் அப்பாவிடமும் அம்மாவிடமும் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றுவது. அந்தக் காலத்துத் தோட்டத்தில் பிள்ளைக்கு இழுப்பு வந்தால் தோட்டத்து மருந்தகத்தில் இருக்கிற டிரெஸரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், அல்லது மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். எழுதி வைத்த ஆவணம் ஒன்றும் இருக்காது, பெரியவர்களின் ஞாபகம்தான் ஆவணம். எனவே அம்மாவிடம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எத்தனையாவது நாளில் தொடங்கியது, எத்தனை மாதத்தில் நின்றது, காய்ச்சல் இருந்ததா, அப்பா வழியிலோ அம்மா வழியிலோ வேறு யாருக்காவது கைக்குழந்தையில் வந்ததா. லயத்தில் பக்கத்து வீட்டில் இருந்த பெரியம்மாக்கள் யாராவது இப்போதும் இருந்தால் அவர்களுக்கும் ஞாபகம் இருக்கும். கேட்டதைத் தேதியோடு எழுதி டாக்டரிடம் கொடுங்கள். பல குடும்பங்களில் சோதனை அறிக்கைக்குப் பொருள் சொல்லிக் கொடுத்ததே பாட்டிதான்.

அதற்கு அடுத்தது, உங்கள் இருவர் ரத்தத்தையும் அதே மாற்றத்துக்குச் சோதிப்பது. பிள்ளையிடம் உள்ள அதே மாற்றம் உங்களிடமும் இருந்து, நீங்கள் நன்றாகப் படித்து வேலை பார்த்துக் குடும்பம் நடத்துகிறீர்கள் என்றால், அது முதல் நிலையின் பக்கம் பலமாகச் சாயும். முற்றும் முடிந்த முடிவு என்று மட்டும் நினைக்க வேண்டாம். சில பெற்றோர் உடம்பில் ஒரு பகுதி அணுக்களில் மட்டும் அந்த மாற்றம் இருக்கும், அதனால் அவர்களுக்கு லேசாக வந்து பிள்ளைக்குக் கடுமையாக வரும். 2012 ஆய்வில்கூட அப்படி ஒரு பெற்றோர் இருந்தார். இப்படி இருக்கிறதா என்று பார்க்கத் தனியாகச் சோதிக்கலாம்.

அறிக்கையில் இன்னொன்றையும் பாருங்கள். மாற்றத்துக்கு ஒரு தரம் போட்டிருப்பார்கள். நோயை உண்டாக்குவது, உண்டாக்கக்கூடியது, பொருள் உறுதியாகாதது, தீங்கில்லாதிருக்கக்கூடியது, தீங்கில்லாதது என ஐந்து தரம். பொருள் உறுதியாகாதது என்று இருந்தால், அதை நோய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த நிலையில் பெற்றோர் சோதனைதான் பெரும்பாலும் முடிச்சை அவிழ்க்கும்.

இனி, சொந்தத்தில் கட்டிய விஷயம். உறவுக்காரர்கள் பேசுவது எனக்குக் கோபத்தைத்தான் வரவைக்கிறது. நெருங்கிய உறவில் கல்யாணம் செய்தால் சில நோய்களுக்கு வாய்ப்பு கூடும் என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. இரண்டு பிரதியும் கெட்டால்தான் வருகிற நோய்கள் அவை. பொட்டாசியம் கால்வாய்களிலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது: கேசிஎன்ஜே10 என்ற மரபணு. அதன் இரண்டு பிரதியும் கெட்டால் வலிப்பு, தள்ளாட்டம், காது கேளாமை, சிறுநீரகத்தில் உப்பு வீணாதல் எல்லாம் சேர்ந்து வரும். 2009இல் அதை விவரித்தார்கள், அங்கே உறவுக் கல்யாணத்துக்குப் பங்கு உண்டு. கேசிஎன்கியூ2 வலிப்பு அப்படி இல்லை. ஒரே ஒரு பிரதியில் மாற்றம் இருந்தால் போதும். நீங்கள் மாமா மகளைக் கட்டாமல் கோலாலம்பூரில் முன்பின் தெரியாத பெண்ணைக் கட்டியிருந்தாலும், மாற்றம் உங்களிடம் இருந்தால் பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு அதே பாதிக்குப் பாதிதான். புதிதாகத் தோன்றிய மாற்றமாக இருந்தால் உங்கள் இருவருக்குமே அதில் பங்கில்லை. கர்ப்பத்தில் உங்கள் மனைவி என்ன சாப்பிட்டார், எங்கே போனார், கிரகணத்தில் வெளியே வந்தாரா, எதற்கும் இதில் சம்பந்தம் கிடையாது. இதை வீட்டில் பெரியவர்கள் முன்னால் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் மனைவி தன் வாயால் சொல்வதைவிட நீங்கள் சொன்னால்தான் எடுபடும்.

பொட்டாசியம் என்ற பேரைக் கேட்டவுடன் வாழைப்பழம் கொடுக்கலாமா, இளநீர் கொடுக்கலாமா என்று கேட்பவர்களை மருந்துக் கவுண்டரில் நிறையப் பார்த்திருக்கிறேன். கொடுக்கவே கூடாது. இந்தப் பிள்ளைகளின் ரத்தத்தில் பொட்டாசியம் சரியான அளவில்தான் இருக்கிறது, அணுவின் சவ்வில் அது போகிற கால்வாயில்தான் குறை. ரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் இதயத்துடிப்பு தாறுமாறாகும். ஆறு மாதம்வரை தாய்ப்பாலோ டாக்டர் சொன்ன பால்மாவோ தவிர வேறு எதுவும் வேண்டாம். கற்பூரத்தை எண்ணெயில் கரைத்துப் பிள்ளை நெஞ்சில் தேய்ப்பது நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது, அதையும் அடியோடு நிறுத்துங்கள். கற்பூரமே வலிப்பைத் தூண்டும் பொருள், நல்ல பிள்ளைக்குக்கூட. யூகலிப்டஸ் தைலமும் அப்படித்தான். வசம்பு, கோரோசனை, உரைமருந்து எதுவும் இந்தப் பிள்ளை நாக்கில் படக்கூடாது. பாட்டி மனம் நோகாமல் எடுத்துச் சொல்லுங்கள்.

மருந்துக்கு வருவோம், இது என் துறை. பச்சிளம் பிள்ளைக்கு வலிப்பு என்றால் உலகம் முழுக்க முதலில் கொடுப்பது பினோபார்பிடோன். ஆனால் கேசிஎன்கியூ2 வலிப்பில் கார்பமாசெபின், பெனிட்டோயின் போன்ற, சோடியம் கால்வாயைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் பல பிள்ளைகளுக்கு ஆச்சரியப்படும் அளவுக்கு வேலை செய்கின்றன. காரணம் நன்றாகப் புரிந்ததுதான்: நரம்பணுவில் துடிப்பு பிறக்கிற இடத்தில் சோடியம் கால்வாயும் கேசிஎன்கியூ கால்வாயும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே புரதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. அடக்குகிற கால்வாய் பலவீனமானால், கிளப்புகிற கால்வாயைக் கொஞ்சம் குறைத்துச் சமன் செய்யலாம். உலக வலிப்பு எதிர்ப்புச் சங்கம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டியிலும், குடும்ப வரலாறோ வலிப்பின் தோற்றமோ கால்வாய்க் கோளாறைக் காட்டினால் இந்த மருந்துகளையே முதலில் கொடுக்கலாம் என்று இருக்கிறது. உங்கள் அம்மாவின் ஞாபகத்துக்கு இங்கேயும் மதிப்பு உண்டு.

கார்பமாசெபின் என்றதும் நம் நாட்டில் ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபுக்குறி உள்ளவர்களுக்கு இந்த மருந்தால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற கடும் தோல் எதிர்வினை வரும் ஆபத்து மிகக் கூடுதல். 2004இல் தைவானில் சீனர்களிடம் கண்டுபிடித்தது. மலாய்க்காரர்களிடமும் இந்தக் குறி பரவலாக உண்டு. இந்திய வம்சாவளியினரிடம் குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. சாதாரண ரத்தச் சோதனைதான், எங்கே செய்வார்கள் என்று டாக்டரைக் கேளுங்கள். அவசரத்தில் ஏற்கெனவே மருந்து தொடங்கியிருந்தால் பதற வேண்டாம். முதல் சில மாதங்களில் காய்ச்சலோடு வாய்ப்புண், கண் சிவத்தல், தோலில் சிவப்புத் திட்டு அல்லது கொப்புளம் எது தெரிந்தாலும் அடுத்த வேளை மருந்து கொடுப்பதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஆக்ஸ்கார்பசெபின், பெனிட்டோயினுக்கும் இதே கவனம் தேவை.

இது தவிர வேறு எந்தக் காரணத்துக்காகவும் நீங்களாக மருந்தை நிறுத்தக் கூடாது. பிள்ளைக்கு வலிப்பு நின்று இரண்டு மாதம் ஆகிவிட்டது, இனி எதற்கு என்று நிறுத்தியவர்கள் நடுராத்திரியில் அவசரப் பிரிவுக்கு ஓடிவந்ததைப் பார்த்திருக்கிறேன். குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்கிற படிப்படியான கணக்கில்தான் நடக்க வேண்டும். சிரப் என்றால் ஒவ்வொரு தடவையும் புட்டியை நன்றாகக் குலுக்குங்கள். கார்பமாசெபின் சிரப் அடியில் தங்கும், குலுக்காமல் ஊற்றினால் முதல் வாரம் மருந்து குறையும், கடைசி வாரம் கூடும். சமையல் கரண்டியில் அளக்க வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றை மருந்தகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளை எடை ஏற ஏற மருந்தளவும் மாறும், அதனால் கிளினிக்கில் எடை பார்த்த தாளை ஒவ்வொரு முறையும் கொண்டுபோங்கள்.

இந்தக் கால்வாயையே திறந்துவிடுகிற மருந்தும் இருந்தது. ரெட்டிகாபின் என்று பெயர், 2011இல் பெரியவர்களின் வலிப்புக்கு அனுமதி கிடைத்தது. தோலும் நகமும் நீலம் பாய்வதும் கண்ணின் விழித்திரையில் நிறம் படிவதும் தெரியவந்ததால் பயன்பாடு குறைந்து, 2017இல் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதே வழியில் பாதுகாப்பான மருந்து தேடும் ஆய்வுகள் நடக்கின்றன. இணையத்தில் ரெட்டிகாபின் விற்கிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வீட்டில் வலிப்பு வந்தால்: பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சுற்றியிருக்கிற துணியைத் தளர்த்துங்கள், மணியைப் பாருங்கள். வாயில் விரலோ கரண்டியோ வேண்டாம். கையில் சாவியோ இரும்போ திணிப்பதால் ஒரு பயனும் இல்லை. பால், தண்ணீர் எதுவும் புகட்டக் கூடாது. இன்னொருவர் கைப்பேசியில் படம் எடுக்கட்டும், முகம் மட்டும் இல்லாமல் இரண்டு கையும் இரண்டு காலும் தெரிகிற மாதிரி, விளக்கைப் போட்டுக்கொண்டு. எந்தப் பக்கம் முதலில் விறைத்தது என்பது டாக்டருக்கு வேண்டிய தகவல். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, அடுத்தடுத்து வந்தாலோ, முடிந்த பிறகும் நிறம் திரும்பாவிட்டாலோ 999ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று: பச்சிளம் பிள்ளைக்கு முதல் தடவை வலிப்பு வந்தால் மரபணு என்று நினைத்து வீட்டில் உட்காராதீர்கள். சர்க்கரை குறைவு, கால்சியம் குறைவு, மூளைக்காய்ச்சல், பிறக்கும்போது மூச்சுத்திணறல், முற்றிய மஞ்சள்காமாலை இவைதான் முதலில் பார்க்க வேண்டியவை. இவற்றில் சிலவற்றுக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

வேறு பொட்டாசியம் கால்வாய் மரபணுக்கள் உங்கள் தேடலில் கண்ணில் பட்டிருக்கும். கேசிஎன்டி1இல் கால்வாய் அளவுக்கு மீறி வேலை செய்கிறது, கேசிஎன்சி1இல் ஒரு குறிப்பிட்ட மாற்றம் பள்ளி வயதில் தொடங்கும் உதறல் வலிப்பைத் தருகிறது. அவற்றின் கதையும் மருந்தும் வேறு. அந்தப் பக்கங்களில் படித்ததை உங்கள் பிள்ளைக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

பிள்ளை நடக்குமா, பேசுமா என்ற கேள்விக்கு இப்போது நீங்களே பாதி பதில் கண்டுபிடிக்கலாம். ஆறு வாரத்தில் முகம் பார்த்துச் சிரிக்கிறதா, மூன்று நான்கு மாதத்தில் தலை நிற்கிறதா, சத்தம் வருகிற பக்கம் திரும்புகிறதா என்று கவனித்துத் தேதியோடு கிளினிக் புத்தகத்தில் குறித்து வாருங்கள். கொஞ்சம் பின்தங்கினாலும் உடற்பயிற்சிச் சிகிச்சை, பேச்சுப் பயிற்சிக்கு உடனே எழுதித்தரக் கேளுங்கள். வலிப்பு நிற்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த பிள்ளை பற்றி: மாற்றம் உங்களிடம் இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் இரண்டுக்கு ஒன்று என்ற வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் இரண்டாவதற்கு வராது என்று கணக்குப் போட முடியாது. மாற்றம் வந்த எல்லாருக்கும் வலிப்பு வருவதும் இல்லை, சிலர் ஒன்றுமே தெரியாமல் வாழ்கிறார்கள். உங்கள் இருவரிடமும் இல்லை என்று வந்தால் வாய்ப்பு மிகச் சிறியது, ஆனால் பூஜ்யம் இல்லை, விந்தணுவிலோ கருமுட்டையிலோ மட்டும் மறைந்திருக்கலாம். எப்படியிருந்தாலும் அடுத்த பிரசவம் குழந்தை மருத்துவர் இருக்கிற ஆஸ்பத்திரியில் நடக்கட்டும். இந்த அறிக்கையின் நகலைக் கர்ப்பகாலப் புத்தகத்திலேயே ஒட்டி வைத்துவிடுங்கள். மூன்றாம் நாள் ஏதாவது வந்தால், பணியில் இருக்கிற டாக்டர் முதலிலிருந்து தேட வேண்டியதில்லை. கோலாலம்பூர் அரசு ஆஸ்பத்திரிகளில் மரபியல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. ஈப்போவிலிருந்தே அங்கே பரிந்துரைக் கடிதம் வாங்கலாம், அடுத்த சந்திப்பில் கேளுங்கள். போகும்போது உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் சொல்வதை மருத்துவர் நேரில் கேட்கட்டும்.